முள் முதலில், மூட்டை பிறகு

ஆடியில் கல்யாண மண்டபங்களுக்கு வேலை கிடையாது. பூந்தமல்லி கரையான்சாவடிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி மேசைகளை நீளவாக்கில் ஒட்டிப் போட்டு, மேலே தாள் ரோலை விரித்திருந்தார்கள். இலை விழவேண்டிய இடத்தில் வெள்ளை நைலான் துணி ஒன்று மேசை முழுக்க நீண்டு கிடந்தது. விரித்தால் முந்நூறு சதுர அடிக்கு மேல் வரும் ரிசர்வ் பாராசூட் அது. அதன் கயிறுகள் கூடத்தின் மறுகோடி வரை போய், ஒரு தூணில் மாட்டியிருந்தன.

பாராகிளைடிங் செய்கிறவர்களுக்கும் இது ஓய்வு மாதம்தான். இமாசலப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடை. 2015-இல் உலகக் கோப்பைப் போட்டி நடந்த பீர்-பில்லிங் மலைச்சரிவு அந்த இரண்டு மாதமும் வெறிச்சோடிக் கிடக்கும். சென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் மலை ஏலகிரி. பெரம்பூரில் ரயிலேறி ஜோலார்பேட்டையில் இறங்கி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறவேண்டும். ஆடிக்காற்றில் அங்கும் போய்ப் பயனில்லை. ஆகவே சாமான்களைப் பிரித்துப் பார்க்கவும் மடிக்கவும் மாட்டவும் ஏற்ற காலம் இது. மண்டப வாடகையும் குறைவு.

மேசையருகே மூன்று பேர் இருந்தார்கள். விமானப்படையில் பாராசூட் மடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆவடியில் குடியிருக்கும் பெரியவர்; எல்லாரும் அவரை 'சார்ஜென்ட் சார்' என்றே கூப்பிடுகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர்; பறக்கிறவர் இவர்தான். மூன்றாமவர் பட்டாபிராமிலிருந்து வந்திருந்த தையல்கார அக்கா. ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில், ஊர்க்காரர்கள் வாயில் 'ஓ.சி.எஃப்.' என்று புழங்கும் இடத்தில், பல வருடம் சீருடை தைத்தவர். அந்தத் தொழிற்சாலை 2021 அக்டோபர் 1 முதல் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. அதே நாளில் கான்பூர் பாராசூட் தொழிற்சாலை கிளைடர்ஸ் இந்தியா ஆனது.

இளைஞரிடம் ஏற்கனவே ஒரு ரிசர்வ் இருக்கிறது. பைலட் உட்கார்ந்து பறக்கும் ஹார்னஸின் இருக்கைக்கு அடியில் உள்ள அறையில் அது உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கம் சிவப்புக் கைப்பிடி. இப்போது இரண்டாவதை மாட்ட வேண்டும். பெரும்பாலான பைலட்டுகள் முதல் ரிசர்வையே ஆயுளில் ஒரு தடவைகூட எறிந்ததில்லை. பிறகு எதற்கு இன்னொன்று, இன்னும் ஒன்றரைக் கிலோ சுமை?

விமானத்திலிருந்து குதிக்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. பெரிய பாராசூட் சிக்கலாகிவிட்டால் அதைக் கழற்றி விட்டுவிட்டு, வெறும் காற்றில் ரிசர்வை விரிப்பார். பாராகிளைடர் பைலட்டுக்குப் பொதுவாக அது முடியாது. சுருண்டு சுழலும் இறக்கை தலைக்கு மேல் இருக்கும்போதே, ரிசர்வைக் கையால் இழுத்துத் தள்ளி எறிய வேண்டும். ஹேங் கிளைடிங்காரர்களிடமிருந்து வந்த முறை இது. எறிந்த ரிசர்வ் சுழலும் இறக்கையின் கயிறுகளில் போய்ச் சுற்றிக்கொண்டால் கதை முடிந்தது. 'சாட்', 'ஹெலிகாப்டர்' என்று வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் அக்ரோ பைலட்டுகள் இரண்டு ரிசர்வோடு ஏறுவதற்குக் காரணம் இதுதான். நம் இளைஞருக்கு அந்த ஆசை வந்திருக்கிறது. முதலில் தண்ணீருக்கு மேலே பயிற்சி, பிறகுதான் மற்றதெல்லாம் என்று சார்ஜென்ட் கறாராகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று தவறினால் இன்னொன்று என்ற இந்தக் கணக்கை ஆவடியிலிருந்து வடக்கே போனால் பெரிய அளவில் பார்க்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மனிதரை அனுப்பவிருக்கும் ககன்யான் கலத்தில் மொத்தம் 10 பாராசூட்டுகள். கடைசியில் விரியும் மூன்று பெரியவற்றில் இரண்டு விரிந்தாலே கலம் பத்திரமாகக் கடலில் இறங்கும். மூன்றாவது அந்த இரண்டில் ஒன்று கைவிட்டால் ஈடுகட்ட.

சார்ஜென்ட் வேலையைத் தொடங்குமுன் செய்த காரியம் எனக்கு முதலில் புரியவில்லை. மணல் பைகள், கிளிப்புகள், ஒரு ஸ்பேனர், சிவப்பு இழைக்கயிறுகள் எல்லாவற்றையும் மேசை ஓரத்தில் வரிசையாக அடுக்கி, எண்ணி, ஒரு தாளில் எழுதினார். முடிந்ததும் அதே எண்ணிக்கை திரும்ப வரவேண்டும். ஒன்று குறைந்தால் மடித்த பாராசூட்டை மறுபடி பிரிப்பார். கேள்வி கேட்க மாட்டார், யார்மீதும் கோபப்பட மாட்டார், பிரித்துவிடுவார்.

துணி முந்தின நாளே மண்டபத்துக்கு வந்து, தோரணம் கட்டும் கொக்கியில் தொங்கி ஆறியிருந்தது. பல மாதம் அமுங்கிக் கிடந்த நைலான் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கம் அதை இன்னும் மோசமாக்கும். வெயிலில் போடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். சூரியனின் புற ஊதாக் கதிர் நைலானைத் தின்றுவிடும். ரப்பர் பேண்டுகளுக்கும் அதே கதிதான். பழைய ஒன்றை எடுத்து இழுத்துக் காட்டினார், பட்டென்று அறுந்தது. கயிறுகளைச் சுருட்டி மாட்டும் பேண்டுகளை மடிக்கும் போதெல்லாம் புதிதாக மாற்றுகிறார்.

மடிப்பு மெதுவாக நடந்தது. வட்டமான ரிசர்வின் நடு உச்சியை ஒரு கயிறு உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். அதனால்தான் குறைந்த துணியில் அதிகக் காற்றைப் பிடிக்கிறது, சீக்கிரமும் விரிகிறது. துண்டுகளை இடமும் வலமும் சமமாக எண்ணி அடுக்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலைப்படி, முழுச் சுமையோடு ரிசர்வ் நொடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் வேகமாக இறங்கக் கூடாது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தரையில் மோதும் வேகம் அது. காலை ஒட்டி வைத்து உருண்டால் தப்பலாம்; விறைத்து நின்றால் எலும்பு முறியும்.

மூட்டை கட்டிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். ரிசர்வைக் கடையில் வாங்கிவிடலாம், மடிக்கும் படங்களைப் பார்த்து மடித்தும்விடலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஹார்னஸில், குறிப்பிட்ட கைப்பிடியோடு, குறிப்பிட்ட ஆளின் கை நீளத்துக்கு அது வெளியே வருமா என்பதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது. ஜெர்மனியில் இதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. தகுதி பெற்றவர் முன்னால், பைலட்டே ஹார்னஸில் தொங்கி, தன் கையாலேயே இழுத்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது ரிசர்வுக்கு இளைஞர் வாங்கியிருந்தது முன்பக்கப் பை. வயிற்றுக்கு முன்னால் இரண்டு பக்க இணைப்புக் கொக்கிகளான காரபைனர்களிலும் மாட்டிக்கொள்வது. இதில்தான் சின்ன வாக்குவாதம் வந்தது. ரிசர்விலிருந்து வரும் பட்டை எங்கே போய்ச் சேர வேண்டும்? தோளில் மாட்டினால் ஆள் நிமிர்ந்து தொங்குவான், காலில் இறங்கலாம். காரபைனரில் மாட்டினால் உட்கார்ந்த வாக்கில் இறங்குவான். இடுப்பும் முதுகும் அடி வாங்கும்.

"சார், முன்னாடி பைன்னா காரபைனர்லயே மாட்டலாம்னு பலரும் செய்றாங்களே."

"பலரும் செய்றாங்கன்னு எங்கிட்ட சொல்லாத தம்பி. புஸ்தகத்தை எடு."

ஹார்னஸ் தயாரிப்பாளரின் கையேட்டைத் திறந்து, வரி வரியாகப் படித்தார்கள். அந்த ஹார்னஸுக்குத் தோளில் முதல் ரிசர்வுக்கான வளையங்கள் மட்டுமே. முன்பக்கப் பைக்குக் காரபைனரைத்தான் கையேடு சொன்னது. சார்ஜென்ட் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தரையிறக்கம் எப்படி இருக்கும் என்று இளைஞரைக் கூடத்தின் நடுவில் உட்காரவைத்துக் காட்டியபின்தான் விட்டார்.

தோளில் இன்னொரு வளையம் தைத்துவிட்டால் என்ன என்று இளைஞர் அக்காவைப் பார்த்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எதிரில் நிற்பவர் வாழ்க்கை முழுவதும் தைத்தவர். அக்கா பட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"எடை தாங்குற பட்டையில நான் கைவைக்க மாட்டேன் தம்பி. இதுல புதுசா ஊசி ஓட்டினா அது பட்டை இல்ல, சல்லடை. கம்பெனிக்காரன் எந்த நூல், எத்தனை தையல்னு கணக்குப் போட்டுத் தச்சிருப்பான். கைப்பிடி உறையில வெல்க்ரோ தேஞ்சிருக்கு, அதை வேணா மாத்தித் தரேன்."

அந்த அறையில் அன்று பேசப்பட்டதில் மிக உயர்ந்த தொழில்நுட்பப் பேச்சு என்று நான் இதைத்தான் சொல்வேன். எது தன்னால் முடியும் என்று காட்டுகிற கைவினைஞர்கள் நிறைய. எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தவர்கள் குறைவு.

பட்டையையும் பட்டையையும் இணைப்பது திருகு போட்ட துருப்பிடிக்காத எஃகு வளையம். சி.என்.சி. பட்டறைக்காரருக்கு இந்தப் பகுதி பிடித்துப்போயிற்று. வளையத்தில் பொறித்திருந்த தாங்குசுமை எண்ணைப் படித்தார், திருகைக் கையால் இறுக்கினார், பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. அந்த எண் நீளவாக்கில் இழுத்தால் மட்டும் உண்மை. வளையம் திரும்பிக்கொண்டு, திறப்பின் குறுக்கே இழுவை விழுந்தால் அதன் பலம் பெரிதும் குறைந்துவிடும். அதனால் பட்டைகள் நகராமலிருக்க ரப்பர் வளையம் போட்டு நிறுத்தினார்கள். எஃகே வேண்டாம், பட்டையைப் பட்டைக்குள் விட்டுச் சுருக்குப் போடலாம் என்பவர்களும் உண்டு. போடலாம், ஆனால் சுருக்கு தளர்வாக இருக்கக் கூடாது. ரிசர்வ் விரியும் அதிர்ச்சியில் நைலான்மேல் நைலான் வேகமாக வழுக்கினால், உரசும் சூட்டிலேயே உருகி அறுந்துவிடும். நைலான்-6 என்ற வகை சுமார் 220 டிகிரி செல்சியஸில் உருகுவது.

கைப்பிடி இடக்கைக்கு. வலப்பக்கம் முதல் ரிசர்வ் இருப்பதால், ஒரு கை அடிபட்டாலோ சிக்கிக்கொண்டாலோ மற்றக் கைக்கு ஒன்று கிடைக்க வேண்டும். சார்ஜென்ட் அதற்கு மேலும் கேட்டார்: இரண்டு கைப்பிடியையும் இரண்டு கையாலும் எட்ட முடிகிறதா? எது முதலில் என்பதைத் தரையிலேயே முடிவுசெய்து, பைலட் தினமும் ஏறுமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம்.

பிறகு தொங்கல் சோதனை. மண்டபத்தின் ஊஞ்சல் கொக்கிகள் இதற்குப் பயன்படும் என்று யார் நினைத்திருப்பார்கள்? இரண்டு கொக்கியிலும் ஹார்னஸை மாட்டி, இளைஞர் ஏறி உட்கார்ந்தார். காலணி, ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டு.

"கைப்பிடியை எங்க பாக்குற? நேரா பாரு. கை தானா போகணும். ம், இழு!"

இழுத்தார். கைப்பிடி உறையிலிருந்து பிரிந்தது, பை திறக்கவில்லை. மறுபடி இழுத்தார், முன்பக்கப் பை முழுவதும் அவரோடு கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. இருநூறு மீட்டர் உயரத்தில் சுழன்றுகொண்டிருந்தால் அந்த இரண்டாவது இழுப்புக்கு நேரம் இருந்திருக்காது.

காரணம் சில அங்குல நாடா. பையின் மடல்களைச் சின்ன எலாஸ்டிக் கண்ணிகள் பிடித்திருக்கும்; கண்ணிகளுக்குள் கைப்பிடியின் முட்கள் செருகியிருக்கும். அதே கைப்பிடியிலிருந்து இன்னொரு நாடா உள்ளே இருக்கும் மூட்டைக்குப் போகிறது. இழுக்கும்போது முட்கள் முதலில் கழன்று மடல்கள் திறக்க வேண்டும், அதன் பிறகே மூட்டைமேல் இழுவை விழ வேண்டும். இங்கே மூட்டை நாடா குட்டையாகிவிட்டதால், முள் கழலுமுன்பே மூட்டை மடல்களை உள்ளிருந்து முட்டியது, முள் இறுகிவிட்டது. நாடா அளவுக்கு மீறி நீண்டாலும் ஆபத்துதான்: முள் கழன்றுவிடும், ஆனால் கை முழு நீளம் போன பிறகும் மூட்டை பைக்குள்ளேயே கிடக்கும்.

"முள் முதல்ல, மூட்டை அப்புறம்" என்றார் சார்ஜென்ட். படையில் சேர்ந்த புதிதில் அவருக்குச் சொன்னதாம்.

உள்மூட்டையில் நாடா மாட்ட ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணிகள் இருந்தன. வேறு கண்ணிக்கு மாற்றினார்கள். பையை மறுபடி மூடினார்கள். எலாஸ்டிக்கைத் துளை வழியாக வெளியே இழுக்கச் சிவப்பு இழைக்கயிறு உதவுகிறது. முள் செருகியதும் அதை உருவி எடுத்துவிட வேண்டும். உள்ளே விட்டால் அதுவே பூட்டாகிவிடும். கண்ணில் படத்தான் சிவப்பு. இம்முறை ஒரே இழுப்பில் மடல்கள் பூப்போல இல்லாமல் படபடவென்று பிரிந்து, மூட்டை இளைஞரின் கையோடு பக்கவாட்டில் வந்தது. இன்னொரு தரம். வலக்கையால் ஒரு தரம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் பையை முதலிலிருந்து மூடினார்கள், ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை.

எறிந்ததோடு பைலட்டின் வேலை தீராது என்பதையும் தொங்கிய நிலையிலேயே பேசினார்கள். ரிசர்வ் விரிந்த பிறகும் பாராகிளைடர் பாதி உயிரோடு பறந்துகொண்டிருந்தால், இரண்டும் ஆளை எதிரெதிர்ப் பக்கம் இழுத்துச் சாய்ந்துவிடும். இறங்கும் வேகம் ஏறிவிடும். பின்பக்கக் கயிறுகளையோ பிரேக்கையோ கை மேல் கை வைத்து இழுத்து, இறக்கையைச் சுருட்டி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாலையில் கருவிகளை எண்ணினார்கள், கணக்குச் சரியாக வந்தது. ரிசர்வோடு வரும் அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட்டார் சார்ஜென்ட். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி மடிக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் விமானத்திலிருந்து குதிப்பவர்களின் ரிசர்வுக்கு 180 நாள்தான் கெடு. நம் ஊர் ஈரத்துக்கு ஆறு மாதமே சரி என்பது சார்ஜென்ட்டின் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்திலிருந்து கோடை விடுமுறைக்குக் குலு, மணாலி போகிற குடும்பங்கள் இப்போது நிறைய. அங்கே பைலட்டோடு சேர்ந்து இரட்டை ஆளாகப் பறக்கும் ஆசை குழந்தைகளுக்கு வரும், நமக்கும் வரும். பணம் கட்டுவதற்கு முன் பைலட்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ரிசர்வ் இருக்கிறதா, கடைசியாக எப்போது மடித்தது, அட்டை எங்கே? பதில் சொல்லத் தயங்குகிறவரோடு பறக்காதீர்கள்.