தண்ணீர்க் கணக்கு

தீவுப்பகுதி ஆஸ்பத்திரிகளுக்கு முதல் நியமனத்தில் வரும் தாதியப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது கடலைப் பற்றித்தான். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு இன்னும் 30 கிலோமீற்றர் அளவில் தரைவழி. சோளகம் எழும்பிவிட்டால் அந்தப் படகும் நிச்சயமில்லை. அதனால் நோயாளி மயங்கி விழ முன்னமே வருத்தத்தைப் பிடித்துவிட வேண்டும். சலரோகக்காரரில் பெரும்பாலும் அது முடியும். வயதானவர்களின் உடம்பு ஒரே நாளில் வற்றுவதில்லை, நாள்கணக்காக வற்றுகிறது.

இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் தடுத்து வைக்க முடியாது. சீனி சலத்தோடு வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. முதியவர்களுக்குத் தாகம் மந்தம். கிணற்றுத் தண்ணீரும் சவர் என்றால் இன்னும் குறைவாகத்தான் குடிப்பார்கள். சீனி 600ஐயும் தாண்டும். ‘வெயிலுக்கு ஆச்சி சோர்ந்து கிடக்கிறா’ என்று வீட்டில் சொல்வார்கள்.

அப்படி ஒரு ஆச்சியைக் கொண்டுவந்தார்கள். வயிற்றோட்டம். நாக்கு காய்ந்து வெடித்திருந்தது, கமக்கட்டில் ஈரமே இல்லை, எழுப்பி இருத்தினால் பிரஷர் இறங்கியது. “சலம் நல்லாத்தானே போகுது மிஸி” என்றா மகள். பிள்ளைகள், இந்த இடத்தைக் கவனியுங்கள். மற்ற நோயாளிகளில் உடம்பு வற்றினால் சலம் குறையும். சீனி கூடியவரில் உடம்பு வற்ற வற்றவும் சலம் போய்க்கொண்டே இருக்கும். அதை நம்பி ஏமாறக்கூடாது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் ஜீவனியில் சீனி இருக்கிறது என்று அதையும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். ஒரு லீற்றர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோசுதான் இருக்கிறது. குடல் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச அது வேண்டும். வயிற்றோட்டம் வந்த சலரோகக்காரருக்கும் ஜீவனி கொடுக்கலாம், சீனியை அடிக்கடி பார்த்துக்கொண்டு.

“சாப்பிடேல்லை, அதாலை ஊசி போடேல்லை” என்று சொல்பவர்களையும் காண்பீர்கள். காய்ச்சலிலும் வாந்தியிலும் சீனி ஏறும். இன்சுலினைத் தாங்களாக நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் சேரும். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்து, வாயில் பழவாசனை அடித்தால் உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள். மெற்ஃபோமின் குளிசை வேறு கதை. வாந்தி, வயிற்றோட்ட நாளில் அதை நிறுத்தி வைப்பதா என்று அவரிடம் கேளுங்கள். இப்படிச் சீனி ஏறி வற்றி வந்தவருக்கு வாட்டில் முதலில் ஓடுவது சேலைன். பொட்டாசியம் என்ன என்று தெரியாமல் இன்சுலினுக்கு அவசரப்படக்கூடாது. இன்சுலின் பொட்டாசியத்தைக் கலங்களுக்குள் தள்ளிவிடும், இதயத்துடிப்பு குழம்பும்.

ஆனால் “தண்ணி நிறையக் குடியுங்கோ” என்பது எல்லாருக்கும் பொருந்தாது. நெடுநாள் சலரோகத்தில் இதயமும் சிறுநீரகமும் களைத்தவருக்குத் தண்ணீரே பாரம். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் நின்றால் நீர் சேர்ந்திருக்கிறது. கால் வீங்குமுன் தராசு சொல்லும்: திடீரென்று 1 கிலோ ஏறினால் 1 லீற்றர் தண்ணீர் உள்ளே நின்றுவிட்டது என்று எடுங்கள். காலையில், சலம் கழித்தபின், சாப்பிட முன், ஒரே தராசில் நிறுக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது சார்ட்டைப் பார்க்கும்போதுதான். ‘சலம் போனது’ என்று எழுதியிருப்பார்கள். எவ்வளவு? 200 மில்லிலீற்றரா, 800ஆ? அளக்காமல் எழுதியதை வைத்து எந்த டொக்டரும் சேலைனைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வீட்டுக்கு அனுப்பும்போதும் அவர்கள் குடிக்கும் பேணியைக் கொண்டுவரச் சொல்லி, அதில் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து காட்டுங்கள். கஞ்சி, கூழ், தேத்தண்ணீர், இளநீர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியமும் ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாளைக் காலை டியூட்டிக்குப் போனதும் வாட்டில் தராசும் அளவுக் குவளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.