மூணாவது ஹோஸ்

பனின்னா சினிமாப் பாட்டுல ஹீரோயின் மெல்லிசு சேலையோட ஓடுற வெள்ளைத் தரைன்னு நினைச்சிட்டிருந்தவன் நான். மினசோட்டா வந்த முதல் வருஷமே அந்த நினைப்பு மண்ணாப் போச்சு. இது போன ஜனவரிக் கதை.

நான் குடியிருக்கிறது செயின்ட் கிளவுட் தாண்டி ஒரு பண்ணை வீட்டு மாடியில. வீட்டுக்காரப் பெரியவருக்கு எழுபத்தி சொச்சம். அவர் மனைவிக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். மெயின் ரோட்டுப் பனியைக் கவுண்டி வண்டி வந்து தள்ளிடும். ரோட்டுல இருந்து வீடு வரைக்கும் இருக்கிற 300 மீட்டர் பாதை நம்ம பாடு.

அதுக்கு அவர்கிட்ட ஒரு ஸ்கிட் ஸ்டீர் லோடர் உண்டு. நம்மூர் ஜேசிபிக்குத் தம்பி மாதிரி குட்டி வண்டி. (இதோட மூதாதையே மினசோட்டாதான். ரோத்சேங்கிற ஊர்ல கெல்லர் சகோதரர்கள் 1957ல ஒரு வான்கோழிப் பண்ணைக்குச் செஞ்சு கொடுத்த மூணு சக்கர வண்டி.) முன்னாடி ஸ்னோ ப்ளோயரை மாட்டினா பனியை அள்ளித் தூரமா வீசும். அன்னிக்குப் பார்த்து லோடர் இஞ்சின் மண்டையைப் போட்டுடுச்சு. ராத்திரி புயல், காலையில 6 மணிக்கு டயாலிசிஸ். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் லோடரைக் கொடுத்தார். அது வேற கம்பெனி.

மாட்டுற தகடு எல்லாக் கம்பெனிக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சாய்ச்சு, கொக்கி மாட்டி, ரெண்டு லீவரை அமுக்கினா 5 நிமிஷம். "இவ்ளோதானா, யூஎஸ்பி மாதிரி இருக்கே"ன்னேன். பெரியவர் ஒண்ணும் சொல்லாம ஹோஸைக் காட்டினார்.

ப்ளோயர்ல மூணு ஹோஸ். தடியா ரெண்டு, ஒல்லியா ஒண்ணு. தடி ரெண்டும் சேர்ந்துடுச்சு. ஒல்லிக்கு லோடர்ல இருந்த வாய் வேற மாடல், பொருந்தல. தேவையில்லாத பாராமீட்டருக்கு நல் அனுப்புற பழக்கதோஷம், "இதை மூடி போட்டு விட்டுடலாமே"ன்னேன்.

மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க!

ஹைட்ராலிக் மோட்டார் ஓடும்போது உள்ளுக்குள்ள கொஞ்சம் எண்ணெய் கசியறது சகஜம். அந்தக் கசிவை அழுத்தமில்லாம டாங்குக்குத் திருப்பி அனுப்பத்தான் ஒல்லி ஹோஸ். பேரு கேஸ் ட்ரெயின். அதை அடைச்சா மோட்டார் கூட்டுக்குள்ள அழுத்தம் ஏறி, தண்டுல இருக்கிற சீல் பிய்ச்சுக்கும். பனி மேல எண்ணெய், மோட்டார் காலி. சும்மா தொங்க விட்டாலும் அதே கதிதான். கழட்டினதும் தானா மூடிக்கிற வாய் அது. நான் சொன்னதைக் கேட்டிருந்தா அந்தம்மா காலையில வீட்டுக்குள்ளயே கிடந்திருப்பாங்க. நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

கடை மூடுறதுக்குள்ள ஓடிப் போய்ச் சரியான வாய் வாங்கிட்டு வந்தோம். கசியுதான்னு நான் கையை நீட்டினப்ப தட்டி விட்டு, ஒரு அட்டையைக் கையில கொடுத்தார். 3000 பிஎஸ்ஐயில பீச்சுற எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள்ள இறங்கிடுமாம். அப்புறம் விரலையே எடுக்க வேண்டி வரலாமாம்.

அடுத்தது கரண்ட். ப்ளோயர் பிளக்ல 7 முள், லோடர்ல 14. அப்பாடா, நம்ம ஏரியா! மல்டிமீட்டர் வெச்சுத் தேடினேன். பனியை வீசுற குழாயைத் திருப்புறது சாதா 12 வோல்ட் மோட்டார்தான். பிளஸ் மைனஸை மாத்திக் கொடுத்தா எதிர்ப் பக்கம் சுத்தும். பெரியவரோட தகர டப்பாவுல கிடந்த ஆறுமுனை சுவிட்சுல ஒயரைக் குறுக்கா இழுத்து, ஒரு ஃபியூஸ் போட்டு, கேபினுக்குள்ள கொண்டு போயிட்டேன். இடம் வலம் திரும்புச்சு. நானே கை தட்டிக்கிட்டேன், வேற யாரும் தட்டல.

ராத்திரி 2 மணிக்கு ஆரம்பிச்சோம். பனி பக்கத்துலயே பொத்துனு விழுது. ப்ளோயருக்கு நிமிஷத்துக்கு 30 காலன் எண்ணெய் வேணும், இந்த லோடர் தர்றது 20. அழுத்தம் பலத்தைக் கொடுக்கும், ஓட்டம்தான் வேகத்தைக் கொடுக்கும். வேகம் மூணுல ரெண்டு பங்குன்னா, தூரம் வேகத்தோட வர்க்கம், பாதிக்கும் கீழ. கணக்கு சரியா வந்ததுல எனக்கு மட்டும் ஒரு அல்ப சந்தோஷம்.

வேற வழியில்லாம ஏர் ஓட்டுற மாதிரி சால் சாலா, ஆமை வேகத்துல ஓட்டினார். நான் டார்ச்சோட முன்னாடி நடந்தேன். மூக்கு இருக்கான்னு அப்பப்ப தொட்டுப் பார்த்துக்கிட்டேன். 5:20க்கு மெயின் ரோட்டைத் தொட்டோம். 5:30க்கு கார் கிளம்பிச்சு. அந்தம்மா கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னாங்க, லோடர் சத்தத்துல கேட்கல.

ஏப்ரல்ல பழைய லோடர் சரியாயிடுச்சு. அதுல என் சுவிட்சுக்கு வேலையே இல்ல. கழட்டிடறேன்னேன், பெரியவர் விடல. ஒயரைச் சுருட்டி, டேப் ஒட்டி, ப்ளோயர் மேலயே கட்டி வெச்சிருக்கார்.