தாய்க்கு ஒரு பாஸ்போர்ட், பிள்ளைக்கு ஒரு பாஸ்போர்ட்

உடன்பிறந்தவளையோ, பெற்ற பெண்ணையோ வெளிநாட்டுக்கு அனுப்பாத வீடு இன்று நம் தெருக்களில் அபூர்வம். லீவுக்கு வருகிறார்கள் என்றால் முறுக்கும் தட்டையும் சுட்டு வைக்கிறோம். கூட வரும் குழந்தை எந்த நாட்டுப் பிரஜை என்று யோசிக்கிறோமா? 2023-ல் எங்கள் வீட்டில் யோசிக்க வேண்டி வந்தது.

என் தங்கை நியூஜெர்ஸியில் இருக்கிறாள். அவளும் கணவரும் இந்தியப் பிரஜைகள். மூன்று வயதுப் பையன் அங்கே பிறந்ததால் அமெரிக்கப் பிரஜை. "இரண்டு நாட்டுக்கும் பொதுவா இருந்துட்டுப் போகட்டுமே!" என்பாள் அம்மா. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 2005 முதல் ஓ.சி.ஐ. அட்டை உண்டு. அது ஆயுள் முழுவதும் வந்து போக உதவும் விசா மாதிரிதான், ஓட்டுரிமை இல்லை. பையனுக்கு அதுவும் வாங்கியிருக்கவில்லை. சாதாரண விசாவில் வந்திருந்தான்.

அப்பாவின் எண்பதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் நடத்தினோம். அபிராமி கோயிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக வயதான தம்பதிகள். பார்க்கவே மனசு நிறைந்தது. வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் பையனின் பாஸ்போர்ட்டும் கூடவே வந்தது.

மயிலாடுதுறையில் ராத்திரி ரயில் ஏறினோம். விடிகாலை எழும்பூரில் இறங்கும்போது பையனின் பையைக் காணோம். பால் பாட்டில், மாற்றுச் சட்டை, பாஸ்போர்ட் எல்லாம் அதில். தங்கையின் பாஸ்போர்ட் மட்டும் அவள் கைப்பையில் பத்திரமாக இருந்தது. நான்கு நாளில் விமானம். தாய் போகலாம், பிள்ளை போக முடியாது!

"நீ போடி, வேலைக்கு ஆபத்து வந்துடப் போகுது. குழந்தையை நாங்க பார்த்துக்கறோம்" என்றாள் அம்மா. தங்கை பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அவன் கிளம்பணும்னா நான் இங்கே நின்னு கையெழுத்துப் போடணும்மா. இவனை விட்டுட்டு நான் மட்டும் எங்கே போறது?" என்றாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டோம்.

முதல் வேலையாக ரயில்வே போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்கினோம். அது இல்லாமல் அடுத்த படி நகராது. பிறகு அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தின் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். 16 வயதுக்குக் கீழ் இருந்தால் தாய், தகப்பன் இருவரும் குழந்தையுடன் நேரில் வர வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன்பு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகலோடு அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை அங்கே நோட்டரியைத் தேடி ஓடினார். மூலப் பிறப்புச் சான்றிதழ் கும்பகோணத்தில், எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது. என் கணவர் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். வெள்ளைப் பின்னணியில், இரண்டு அங்குலச் சதுரப் போட்டோ எடுக்க ஸ்டூடியோக்காரர் பட்ட பாடு தனிக் கதை!

உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. அவர்கள் வரும்வரை நான் வெளியே நின்றேன். பக்கத்தில் வரிசையில், ஃபைலை மார்போடு அணைத்தபடி எத்தனையோ தாய்மார்கள். அந்த வெயிலில் ஒரு பாட்டி எனக்கு மோர் கொடுத்து, "கிடைச்சுடும்மா" என்றார்.

கிடைத்தது. அது அவசரப் பாஸ்போர்ட். கொஞ்ச காலத்துக்குத்தான் செல்லும். ஊர் போய்ச் சேர்ந்து முழுப் பாஸ்போர்ட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். தொலைந்ததாக எழுதிக் கொடுத்ததுமே பழையது ரத்து. பிறகு கண்ணில் பட்டாலும் அதைக் கொண்டு பயணம் செய்யக் கூடாது.

அத்தோடு முடியவில்லை. விசா பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டதே! நம் நாட்டைவிட்டு வெளியேறவும் அனுமதி வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வழியாகவே விண்ணப்பிக்கலாம். போலீஸ் புகார் நகல், புதிய பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட் மற்றும் விசாவின் நகல், விமான டிக்கெட் எல்லாம் கேட்டார்கள். நல்லவேளை, பழைய நகல்கள் மாப்பிள்ளையின் ஈமெயிலில் இருந்தன. ஒன்பதாம் நாள் மீனம்பாக்கத்தில் இருவரையும் வழியனுப்பினோம். அதிகாரி பெயர் கேட்டதும் பையன் மழலையில் உரக்கச் சொன்னான். முத்திரை விழுந்த பிறகுதான் தங்கை முகத்தில் சிரிப்பு வந்தது.

சகோதரிகளே, குழந்தையோடு ஊர் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்றிதழ் மூன்றின் நகலையும் கணவரிடம் ஒன்று, பிறந்த வீட்டில் ஒன்று என வையுங்கள். மூலச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். வெள்ளைப் பின்னணிப் போட்டோ நான்கு கைவசம் இருக்கட்டும். கணவர் கூட வராவிட்டால் இப்படிச் சம்மதப் பத்திரம் தேவைப்படலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். விதிகள் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையானாலும் அதன் பெயரில் தனியாக ஒரு ஃபைல் இருக்கட்டும்.