மாரி வீதியில் ஒரு மஞ்சள் ஜக்கெட்

காரைதீவில் என்ன குளிர் என்று கேட்பவர்கள், மார்கழி மாதம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு நாளாவது எங்கள் வீதியில் சைக்கிள் ஓடிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல், நடுவில் ஊர். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கிற இதே ஊரில் ஐப்பசி பிறந்ததும் வானம் கறுத்துவிடும். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் கடல் பக்கமிருந்து வாடை ஊதும். வெப்பமானி வைத்துப் பார்த்தால் 22, 23 பாகைதான் இருக்கும். பனி கொட்டுகிற நாட்டில் இருப்பவர்கள் இதைக் குளிர் என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் நனைந்த உடுப்போடு காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதிக்கிறவளுக்கு அந்த 22 பாகையிலேயே பல் கிட்டிப்போகும்.

நான் ஒரு தையல்காரி. 1990ஆம் ஆண்டு வீட்டைவிட்டுப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. அப்போது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. அவர் விட்டுச் சென்றவற்றில் எனக்கு மிஞ்சியது பார் வைத்த பெரிய சைக்கிள் ஒன்றுதான். ஒரு வருடம் அது திண்ணையில் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு, பிள்ளைகள் தூங்கிய பின் எங்கள் ஒழுங்கையில் இருட்டோடு இருட்டாக ஓடிப் பழகினேன். விழுந்த தழும்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது. பழகியதும் அதை விற்று, ஒரு பழைய லேடிஸ் சைக்கிள் வாங்கினேன். சம்மாந்துறையில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்தது. தைக்கிற உருப்படிக்குத்தான் கூலி. போகாத நாளுக்குச் சல்லிக்காசும் இல்லை.

காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளி, அதைத் தாண்டினால் சம்மாந்துறை, பிறகு அம்பாறை. வீதியின் இரு புறமும் வயல்வெளி. ஒதுங்க மரம்கூடக் குறைவு. விடியற்காலையில் கண்ணகை அம்மன் கோயில் பக்கமிருந்து திருவெம்பாவை கேட்கும். கொஞ்ச தூரம் போனதும் பள்ளிவாசலில் இருந்து சுபஹ் பாங்கு கேட்கும். போகும்போது வாடை முதுகில் தள்ளிவிடும், சைக்கிள் தானாக ஓடும். மாலையில் திரும்பி வரும்போதுதான் அது நெஞ்சிலேயே மோதும். நாள் முழுவதும் மெசினில் குனிந்து களைத்த உடம்புக்கு அந்த எதிர்க்காற்றும் மழையும்தான் பெரிய சோதனை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். எங்கள் வீட்டுச் சுவர்கள் மட்டும் நின்றன. முகாமில் இருந்தபோது நிவாரண உடுப்பு மூட்டைகள் வந்தன. அவிழ்த்துப் பார்த்தால் குளிர் நாட்டு ஜக்கெட்டுகள்! தலையணை போலப் புசுபுசுவென்று இருந்தன. சனம் அழுகைக்கு நடுவிலும் சிரித்தது. “இதப் போட்டுக்கிட்டு எந்தப் பனிக்குள்ள போறது?” என்று ஒரு கிழவி கேட்டார். சிலர் அதைப் பிள்ளைகளுக்குப் படுக்கையாக விரித்தார்கள். நான் ஒன்றை எடுத்து வைத்தேன். அந்த வருடம் மாரி வந்தபோது, சைக்கிளுக்கு இது நல்லதென்று நினைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அதுதான் நான் செய்த பிழை. போன பத்தாவது நிமிடமே உள்ளே வேர்த்துக் கொட்டியது. மாவடிப்பள்ளியில் மழை பிடித்தது. அந்த ஜக்கெட் தண்ணீரைக் குடித்து ஈரச்சாக்கு மாதிரிக் கனத்தது. கடைக்குள் போனதும் கழற்றினேன், உள்ளே பருத்திச் சட்டை வேர்வையில் தோய்ந்திருந்தது. அப்படியே மின்விசிறிக்குக் கீழே இருந்து தைத்தேன். அன்றிரவு காய்ச்சல், பிறகு நெஞ்சுச் சளி. எட்டு நாள் படுக்கை. 2006 ஜனவரியில் ஹஜ்ஜுப் பெருநாளும் தைப்பொங்கலும் ஒரே வாரத்தில் வந்தன. வருடத்திலேயே அதிக தையல் வருகிற நேரம். மகனின் ரியூசன் காசை அதில்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது முழுவதும் போயிற்று.

என்னோடு மெசினில் இருந்த மாளிகைக்காட்டு ராத்தா பார்க்க வந்தார். அவரும் சுனாமியில் இரண்டு பேரைக் கொடுத்தவர். சுடச்சுடக் கொத்தமல்லி அவித்துத் தந்துவிட்டு, “என்ன புள்ள, ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறாய், உனக்கு ஒண்டு தைச்சுப் போடத் தெரியாதாகா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி மனதில் தைத்துவிட்டது.

காய்ச்சல் விட்டதும் அந்த ஜக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். மேலே மெல்லிய நைலோன், நடுவில் பஞ்சு போன்ற நார், உள்ளே லைனிங். அப்போது என் மகள் கட்டுநாயக்காவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். 1978இல் அங்கே வர்த்தக வலயம் திறந்த நாள்முதல் எத்தனை ஆயிரம் பெண்கள் தாங்கள் போடாத குளிர் உடுப்புகளைத் தைத்திருக்கிறார்கள்! “அம்மா, ஊசி குத்துற ஒவ்வொரு ஓட்டையாலயும் தண்ணி போகும். மழை ஜக்கெட் எண்டா தையலுக்கு உள்பக்கத்தால ரேப் ஒட்டுவாங்க” என்று தொலைபேசியில் சொன்னாள். நோர்வேயில் இருக்கும் மச்சாள் இன்னொன்று சொன்னார். அங்கே கெட்ட காலநிலை என்று ஒன்று இல்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு என்று பழமொழி போலச் சொல்வார்களாம். ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய உடுப்பு நல்லது என்றார். உடம்பைச் சூடாக வைப்பது துணியல்ல, துணிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்று. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் எல்லாம் கெட்டது. ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

அந்த மூன்றையும் எங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன். உடம்போடு ஒட்டுகிற முதல் உடுப்புப் பருத்தியாக இருக்கக்கூடாது. வெயிலுக்குப் பருத்தியைப் போல நல்ல துணி இல்லை. ஆனால் மாரியில் அது வேர்வையையும் மழையையும் பிடித்து வைத்துக்கொள்ளும், இலகுவில் காயாது. விளையாட்டுக்குப் போடுகிற மெல்லிய பொலியெஸ்ரர் ரீசேட் தண்ணீரை உள்ளே எடுக்காது, பிழிந்து உதறினாலே பாதி காய்ந்துவிடும். கம்பளிக்கு ஒரு தனிக்குணம் உண்டு, ஈரமானாலும் சூடு தரும். ஆனால் எங்கள் குளிருக்கு அது அதிகம், விலையும் அதிகம்.

இரண்டாவது உடுப்பு எங்களுக்கு அநேகமாகத் தேவையில்லை. விடியற்காலையில் மட்டும் ஒரு கையில்லாத மெல்லிய ஸ்வெட்டர் போதும். அதுவும் இல்லாவிட்டால் பழைய பத்திரிகைத் தாள் இரண்டை மடித்து நெஞ்சுக்கு நேரே சட்டைக்குள் வையுங்கள். சிரிக்க வேண்டாம். பிரான்ஸ் நாட்டில் 1903முதல் நடக்கிற பெரிய சைக்கிள் ஓட்டப்போட்டியில் மலையிலிருந்து இறங்கும்போது வீரர்கள் இதைத்தான் செய்து வந்தார்கள். காற்று நெஞ்சில் படாது. போய்ச் சேர்ந்ததும் எடுத்துவிடலாம்.

மூன்றாவதுதான் முக்கியம், காற்றையும் மழையையும் தடுக்கிற மேலுடுப்பு. 1823இல் ஸ்கொட்லாந்துக்காரரான சார்ள்ஸ் மகின்ரொஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே இறப்பரைப் பூசி மழை அங்கிக்கு உரிமம் பெற்றார். மழை உள்ளே வரவில்லை, ஆனால் வேர்வையும் வெளியே போகவில்லை. இன்றைக்குக் கடையில் விற்கிற மலிவான றெயின்கோட்டிலும் அதே குறைதான். வேர்வை ஆவியை மட்டும் வெளியே விடுகிற துணிகள் வெளிநாட்டில் உண்டு, அவற்றின் விலை எங்கள் கைக்கு எட்டாது. அதனால் நான் கத்தரிக்கோலை எடுத்தேன். கல்முனைச் சந்தையில் மழைத்துணி வாங்கி, கமக்கட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் திறப்பு விட்டேன். முதுகில் ஒரு மடிப்பு வைத்து, அதற்குக் கீழே காற்றுப் போக வலைத்துணி தைத்தேன். குனிந்து ஓடும்போது இடுப்பு நனையாமல் பின்பக்கத்தை ஒரு சாண் நீளமாக விட்டேன். கைமுனையில் இலாஸ்ரிக், கழுத்துவரை சிப், தையல்களுக்கு உள்ளே ரேப். தலைமூடி வைக்கவில்லை. அதைப் போட்டுத் திரும்பினால் பின்னால் வருகிற பஸ் தெரியாது. தொப்பியும் இறுக்கிக் கட்டிய ஸ்காஃபும் போதும்.

துணியின் நிறம் மஞ்சள். நல்ல பளிச்சென்ற மஞ்சள். மாரி விடியலில், மழைப் புகாருக்குள், சாரதிக்கு ஆள் தெரிய வேண்டும் என்றுதான் அதை எடுத்தேன். ஊரில் என்ன பேச்சு வந்திருக்கும் என்று சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. “புருசன் இல்லாதவளுக்கு மஞ்சள் கேக்குதாம்” என்று என் காதில் விழவே சொன்னார்கள். இரண்டு நாள் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். மூன்றாம் நாள் என் மகன் அதை எடுத்து வந்து சைக்கிள் ஹாண்டிலில் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் பள்ளிக்கூடம் போனான். அன்றிலிருந்து கழற்றவில்லை.

இன்னொரு சோதனை இருந்தது. அது யுத்த காலம். வழியிலிருந்த சாவடியில் தடித்த ஜக்கெட் போட்டவர்களைக் கண்டால் சந்தேகம். கொட்டும் மழையில் இறங்கி, சிப்பைத் திறந்து காட்ட வேண்டும். ஆண்களுக்கு முன்னால் அப்படி நிற்பது எப்படியிருக்கும் என்பது அந்தச் சாவடிகளைக் கடந்த பெண்களுக்குத் தெரியும். மெல்லிய மேலுடுப்பும், உள்ளே மானமாக ஒரு முழுச் சட்டையும் போட்டிருந்ததால் நான் ஓரளவு தப்பினேன். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஆனாலும் மழையில் யாராவது கை காட்டி நிறுத்தினால் என் கை இன்றைக்கும் சிப்புக்குத்தான் போகிறது.

ராத்தாவுக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். கறுப்பு அபாயா போட்டுச் சைக்கிள் ஓடுகிறவர் இருட்டில் தெரியவே மாட்டார். அபாயாவுக்கு மேல் போடுகிற மாதிரி, தோளிலிருந்து இடுப்புவரை மஞ்சள் துணியில் ஒரு மேற்சட்டை. முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டி. அபாயாவின் ஓரம் சங்கிலியில் சிக்காமல் இருக்கக் கணுக்காலில் வெல்குறோ வார். பின் சில்லுக்கு வலை கட்டினோம். சேலை, துப்பட்டா, அபாயா எதுவானாலும் சில்லுக்கு ஒன்றுதான். பிறகு நாங்கள் இருவரும் காரைதீவுச் சந்தியில் சந்தித்து ஒன்றாகவே போய்வந்தோம். ஊர்கள் ஒன்றோடொன்று முறுகிக்கொண்ட நாட்களிலும் அந்தப் பழக்கம் விடுபடவில்லை.

2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது, மோட்டார் சைக்கிளில் திரிந்தவர்கள் எல்லாரும் சைக்கிளைத் தேடினார்கள். அதன் விலையும் ஏறியது. அந்த மாரியில் என்னிடம் பதினேழு பெண்கள் ஜக்கெட் தைத்தார்கள். ஒருவரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. அதிகம் கேட்டது மஞ்சளைத்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, நான் ஆயிரம் தடவை கடந்த அதே மாவடிப்பள்ளியில், மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. வீட்டுக்கு வரவேண்டிய பிள்ளைகளின் உடல்கள்தான் வந்தன. வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் எந்த ஜக்கெட்டும் உதவாது. முழங்காலளவு தண்ணீர்தானே என்று இறங்காதீர்கள். கூலி போனால் போகட்டும், திரும்பி வாருங்கள்.

சகோதரிகளே, வாங்கக் காசில்லாவிட்டாலும் இவற்றைச் செய்யலாம். கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும், பத்து நிமிடம் மிதித்தால் சூடு வந்துவிடும். வீட்டிலேயே சூடாகக் கிளம்பினால் வழியில் வேர்த்து, அந்த வேர்வையே பிறகு குளிரைத் தரும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பொலித்தீன் பையில் கட்டி எடுத்துப் போங்கள், போனதும் முதல் வேலையாக மாற்றுங்கள். போர்வை போல விரிகிற மழை அங்கியை வாடையில் போட வேண்டாம். அது பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடித்து ஆளையே வயலுக்குள் தள்ளும். நனைந்ததை அடுப்படிக் கொடியில் விரித்துக் காயவிடுங்கள், நெருப்புக்குக் கிட்டே வைத்தால் நைலோன் உருகிவிடும்.

எனக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. சம்மாந்துறைக்கு வேலைக்குப் போவதில்லை, வீட்டிலேயே தைக்கிறேன். ராத்தாவுக்கு முழங்கால் வலி, சைக்கிள் ஓடமுடியாது. ஆனாலும் மாரி வந்தால் கிழமைக்கொரு தரம் அந்தப் பழைய மஞ்சள் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு மாளிகைக்காட்டுக்குப் போய் அவரைப் பார்த்து வருகிறேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் அவர் உள்ளேயிருந்து கேட்பது இன்றைக்கும் ஒரே கேள்விதான்: “நனைஞ்சிட்டியா புள்ள?”

“இல்ல ராத்தா” என்கிறேன்.