வெள்ளை வேட்டியும் கருமணலும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வெள்ளை வேட்டி கட்டி நடப்பவர் சற்றே துணிச்சல்காரர்தாம். இவ்வூர் மணல் உதறினால் எளிதில் உதிர்ந்துவிடுவதன்று. இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும் கலந்த கனத்த மணல் அது. ஈரக் கரையில் நாலடி நடந்தால் போதும். வேட்டியின் கீழ்விளிம்பில் கரியால் கோடிழுத்தாற்போல் படிந்துவிடும். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ஆம் ஆண்டில் இம்மணலில்தான் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த தோரியம் அந்நாளில் வாயுவிளக்குகளின் மாண்டிலுக்குப் பயன்பட்டது. அந்த மாண்டிலும் ஒரு சிறு துணிப் பைதான். தோரிய உப்பில் தோய்த்த துணி எரிந்து மறைய, எஞ்சிய வலை வெண்ணிற ஒளி வீசும். வெளிநாட்டு விளக்குகளுக்கெல்லாம் உடை கொடுத்த மணல், நம் வேட்டியை மட்டும் அழுக்காக்குகிறதே என்று நாம் வேடிக்கையாக எண்ணிக்கொள்வதுண்டு.

ஆடவர் உடையைப் பற்றி, அதுவும் விழாவுக்கும் அலுவலுக்கும் அல்லாமல் அன்றாடம் உடுத்தும் எளிய உடையைப் பற்றி, ஒரு கட்டுரையா என்று வாசகர் நகைக்கலாம். பெண்டிர் உடையைக் குறித்து அறிவுரை கூறாத நாவில்லை. ஆடவர் உடையைக் குறித்தோ எவரும் வாய் திறப்பதில்லை. அதனாலேயே நம்மில் பலர் இரண்டு எல்லைகளில் வாழ்கிறோம். வீட்டிலும் கடைத்தெருவிலும் எது கைக்குக் கிடைத்ததோ அது. திருமணம் என்றால் மின்னுகின்ற சட்டையும் விரல் அகலச் சரிகைக் கரையும். இவ்விரண்டுக்கும் நடுவே, கண்ணை உறுத்தாத, ஆயினும் கண்டவர் மனத்தில் நிற்கின்ற ஒரு நேர்த்தி உண்டு. மாலையில் குளித்து, வெளுத்த கட்டம்போட்ட சாரமும் வெள்ளைப் பனியனுமாகத் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் முதியவரிடம் அதனை நாம் கண்டிருக்கிறோம். விலையுயர்ந்த சட்டை அணிந்த இளைஞரிடம் பலவேளைகளில் காணத் தவறியிருக்கிறோம்.

இந்த நேர்த்தி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சிறு கவனங்களிலிருந்துதான். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். ஆகவே தையற்காரரிடம் கொடுக்குமுன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். சட்டையின் தோள்தையல் தோளெலும்பின் முனையில் முடியவேண்டும். அது கையில் இறங்கினால் அண்ணனின் சட்டையைத் தம்பி போட்டதுபோலிருக்கும். கழுத்துப்பக்கம் ஏறினால் பள்ளிக்கூடச் சீருடையை இன்னும் கழற்றாதவன் போலிருக்கும். அரைக்கை முழங்கைக்குச் சற்று மேலே நிற்பது நலம். வேட்டியில் நாலு முழம் என்பது ஏறக்குறைய இரண்டு மீட்டர். எட்டு முழம் அதன் இரட்டிப்பு. நூலின் எண் கூடக்கூட இழை மெலிதாகும் என்பதைக் கடைக்காரர் பெருமையுடன் கூறுவார். ஆனால் நூறாம் எண் நூலில் நெய்த மெல்லிய வேட்டி நம் கடற்காற்றில் காலைச் சுற்றிக்கொள்ளும். சற்றுக் கனத்த நூல் இங்கு அழகாக விழுகிறது என்பது நமது அனுபவம். உப்புக்காற்று மற்றொரு தொல்லை. உப்பு படிந்த துணி காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், காலையில் தேய்த்த மடிப்பு மாலைக்குள் தளர்ந்துவிடும். நன்னீரில் இருமுறை அலசியாகவேண்டும். கஞ்சி அளவாக, நீலம் அளவுக்கும் சற்றுக் குறைவாக. நீலம் மிகுந்த வேட்டி வெள்ளையாகத் தோன்றுவதில்லை, வெள்ளையாகக் காட்ட முயன்றதாகவே தோன்றும்! சிரட்டைக் கரி போட்ட பெட்டியால், துணியில் சிறிது ஈரம் இருக்கையிலேயே தேய்ப்பவர்கள் இன்றும் சிலர் உண்டு. அம்மடிப்பின் அழகே தனி. நிறத்தில் வெளிர்நீலம், சாம்பல், சந்தனம் ஆகிய மூன்றும் நம் மாநிறத்துக்கும் கருமைக்கும் பொருந்துவதுபோல் வேறு எதுவும் பொருந்துவதில்லை.

எளிமை என்றதும் காந்தியடிகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஆயினும் அது துறவு. துறந்தவரின் ஆடை வேறு, இல்லறத்தான் நாலுபேர் நடுவே உடுத்தும் ஆடை வேறு. பின்னதற்கு நம் மாவட்டத்தோடு தொடர்புடைய இருவரை எண்ணிப்பார்க்கலாம். பூதப்பாண்டியில் பிறந்த ஜீவானந்தம் ஒருவர். முதலமைச்சர் காமராசர் அவரை விழாவுக்கு அழைக்க வீடுதேடி வந்தபோது, நீங்கள் முன்னே செல்லுங்கள் என்று அனுப்பிவிட்டு, துவைத்துக் காயப்போட்டிருந்த ஒரே வேட்டி உலர்ந்த பின்னரே கட்டிக்கொண்டு புறப்பட்டார் என்றொரு செய்தி வழங்கிவருகிறது. அவருடைய வறுமையைக் காட்டவே அதனை எல்லாரும் எடுத்துரைக்கின்றனர். நமக்கோ அதில் மற்றொன்று தெரிகிறது. முதலமைச்சரே அழைத்தும், வேட்டி உலரும்வரை அம்மனிதர் காத்திருந்தார். மற்றவர் காமராசரேதாம். 1969 இடைத்தேர்தலிலும் 1971-இலும் நாகர்கோவில் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. கதர் வேட்டி, தொளதொளத்த நீண்ட அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. 1966-இல் சோவியத் நாட்டுக்குச் சென்றபோதும் அவர் வேட்டியை விட்டாரில்லை. உடையால் எதையும் மெய்ப்பிக்க வேண்டிய தேவை இல்லாத மனிதரின் உடை அது.

அந்த வேட்டிக்கே தமிழகத்தில் கதவடைத்த இடங்களும் இருந்தன. 2014 சூலை மாதம், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், சேப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நூல் வெளியீட்டு விழாவுக்குச் சென்றபோது, வேட்டி கட்டியிருந்த காரணத்தால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. நீதிபதிக்கே இந்நிலை என்றால் மீனவருக்கு என்ன நிலை என்று அன்று நம் தேநீர்க்கடைகளில் பேசிக்கொண்டதை மறக்க இயலாது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. வேட்டி முதலிய மரபு உடை அணிந்தவரைப் பொது இடங்களில் தடுத்தால் ஓராண்டுவரை சிறையும் 25,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்தது.

உடைக்குச் சட்டம் என்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. முற்காலத்தில் அது எதிர்த்திசையில் இருந்தது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி படாமல் உடுத்தவேண்டும். செருப்பும் குடையும் கூடா. தோள்சீலைக்காக நம் பாட்டிமார் பட்ட பாட்டை நாம் அறிவோம். நெடும்போராட்டத்துக்குப் பின் 1859 சூலை 26 அன்று வெளியான அரச அறிக்கைகூட, நாடார் பெண்கள் மேலுடல் மறைக்கலாம் என ஒப்புக்கொண்டதே தவிர, மேற்சாதிப் பெண்டிரைப்போல் உடுத்தலாகாது என்று தடுத்தது. கடற்கரை மீனவப் பெண்கள் கட்டுவதுபோல் முரட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம் என்று வழியும் காட்டியது! துணியின் தடிப்பையும் கட்டும் முறையையும் அரசு அளந்த காலம் அது. மடித்துக்கட்டிய வேட்டியைப் பெரியவர் முன்னே அவிழ்த்துத் தழைய விடும் வழக்கம் இன்றும் நம்மிடம் உண்டு. தோள்துண்டை இடுப்பிலோ கக்கத்திலோ இடுக்கவேண்டும் என்ற பழைய கட்டாயம் போய்விட்டது, போனதே நன்று. வேட்டியைத் தழைய விடுவது மட்டும் எவரும் ஏவாமலே, மரியாதையாக எஞ்சியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கலாகாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரர்கள், இப்போது தாங்களாகவே மனமுவந்து கணுக்கால்வரை இறக்கிவிடுகிறார்கள். இதனைப் பார்க்கும்தோறும் நமக்கு ஒரு நிறைவு ஏற்படுகிறது.

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபின் தமிழகக் கரையோரங்களுக்கு லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்திறங்கின. அனுப்பியவர்களின் இரக்கத்தை ஐயுறுவதற்கில்லை. ஆனால் கிழிந்தவையும் கறைபட்டவையும் நம் மக்கள் ஒருநாளும் உடுத்தாதவையும் அவற்றில் கலந்திருந்தன. பல இடங்களில் அவை தீண்டுவாரின்றிச் சாலையோரம் குவியலாகக் கிடந்தன. அனைத்தையும் இழந்தவர்க்கு இத்தனை செருக்கா என்று கேட்டவர்களும் உண்டு. வீடும் வள்ளமும் உற்றாரும் போனபின், தன்னுடையது என்று சொல்ல உடல் ஒன்றே எஞ்சிய மனிதன், அதன்மேல் எதைப் போர்த்துவது என்பதைத் தானே முடிவுசெய்ய விரும்பினான். அதனைச் செருக்கு என்று நம்மால் சொல்ல இயலவில்லை.

இக்காலத்தில் எளிமையும் விலைக்குக் கிடைக்கிறது. சட்டையின் நிறத்துக்கு ஒத்த கரையோடு ஒரே பெட்டியில் வேட்டியும் சட்டையும் விற்கிறார்கள். திருமண வீடுகளில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் அனைவரும் வாத்தியக் குழுவினரைப்போல் ஒரே நிறத்தில் நிற்கின்றனர். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருவோர் சுருக்கம் விழுந்த லினன் சட்டையை, அந்தச் சுருக்கமே அதன் விலைக்குச் சான்று என்பதுபோல் அணிந்து வருகிறார்கள். பகட்டை மறைத்துக்கொண்ட பகட்டு இது. உழைத்துச் சம்பாதித்தவர்கள், அணியட்டும்; ஆயினும் ஞாயிறு பூசையில் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் தம் வெளிறிய காலரைக் கையால் மறைக்கும்படி நேர்ந்தால், அச்சட்டையின் எளிமை எங்கோ பிழைத்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

நம் பெரியப்பா ஒருவர் கட்டுமரத்திலும் வள்ளத்திலுமாக நாற்பதாண்டு கடலுக்குப் போனவர். ஞாயிறுதோறும் வெள்ளைச் சட்டையும் இரட்டை வேட்டியும் கட்டி அவர் கோவிலுக்கு வரும் நடையில் ஒரு தனி மிடுக்கு இருக்கும். அவருடைய இளைய மகன் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பட்டம் பெற்ற நாளில், பெற்றோரும் வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அப்பா, அங்கே எல்லாரும் பேண்ட் போட்டுத்தான் வருவாங்க." அறுபதாம் வயதில் அவருக்கு முதன்முதலாக ஒரு கால்சட்டை வாங்கப்பட்டது. நாமும் உடன் சென்றிருந்தோம். இடுப்பில் நில்லாத அதனை ஒரு கையால் பிடித்தபடி, எவருடைய வீட்டிலோ கடன் வாங்கிய நாற்காலியில் இருப்பவர்போல் அவர் அரங்கின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான் அவர் ஏழையாகத் தோன்றினார். உண்மையில் வாயிலில் எவரும் எவரையும் தடுக்கவில்லை. வேட்டி கட்டிய வேறு இருவர் முன்வரிசையிலேயே இருந்தனர். மகனும் அதைப் பார்த்துவிட்டான். திரும்பி வருகையில் பேருந்தில் அவன் வாய் திறக்கவே இல்லை.

மூன்றாண்டு கழித்து மகளின் திருமணம் வந்தது. பட்டு வேட்டி எடுப்போம் என்று அதே மகன், இப்போது சம்பாதிப்பவன், அவரைக் கடைக்கு அழைத்துப் போனான். பெரியப்பா பட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அரை விரற்கடைக் கரையுள்ள பருத்தி வேட்டி ஒன்றையும் வெளிர்நீலத் துணியையும் எடுத்து வைக்கச் சொன்னார். திங்கள்சந்தையில் அவருக்குப் பழக்கமான தையற்காரரிடம் மூவருமாகப் போனோம். மகனே துணியை நீட்டி, "அண்ணாச்சி, ஊறப்போட்டுக் காயவச்ச துணிதான்" என்றான். அளவெடுக்கையில் பெரியப்பா நிமிர்ந்து நின்றார். கை எவ்வளவு, நீளம் எவ்வளவு என்பதை அவரிடம் கேட்கவேண்டிய தேவை தையற்காரருக்கு இல்லை. சட்டைப்பையை மட்டும் சற்று ஆழமாக வைக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கூடு வெளியே தெரியாமல் உள்ளே நிற்கவேண்டுமாம்.