சொல்லின் வாலில் சிறுமை

ஜலகண்டாபுரம் தறிகளின் ஊர். அங்கே பாவின் ஊடே ஊடையை இழுத்தோடும் நாடாவைப் பிரெஞ்சுக்காரர் ‘நவெத்’ என்பர். சிறு கப்பல் என்பது பொருள். வடிவத்தை நோக்கினால் பெயர் பொருந்தவே செய்கிறது. திருப்பலியில் சாம்பிராணி ஏந்திவரும் படகு வடிவக் கிண்ணத்துக்கும் அம்மொழியில் அதே பெயர்தான். இலத்தீனில் அக்கிண்ணம் ‘நாவிகுலா’. கப்பலைக் குறிக்கும் ‘நாவிஸ்’ என்னும் சொல்லின் வாலில் ஒரு ‘குலா’ ஒட்டியதும், கப்பல் கைக்குள் அடங்கிவிட்டது.

சிறுமையைச் சொல்லின் ஈற்றில் வைப்பது இலத்தீனின் வழக்கம். உலுஸ், குலுஸ், எல்லுஸ், இல்லுஸ் என விகுதிகள் பல. மூலச்சொல்லின் பாலுக்கேற்ப அவை இறுதி மாறும்: நாவிஸ் பெண்பால், ஆகவே நாவிகுலாவும் பெண்பால். எலி ‘மூஸ்’; சிற்றெலி ‘மூஸ்குலுஸ்’. தோலின் கீழே சிற்றெலி ஓடுவதாகத் தோன்றியதோ என்னவோ, தசைக்கும் அப்பெயரே நிலைத்தது. தறியில் உழைப்பவரின் புயத்தைக் கண்டோர் இவ்வுவமையை மறுக்கமாட்டார்.

தமிழோ சிறுமையை முன்னே நிறுத்தும்: சிற்றூர், சிறுகதை, குறுநிலம். இளமைப் பெயர்களுக்கு விகுதியையே நாடாமல் குட்டி, கன்று, பறழ், குருளை எனத் தனிச்சொற்களை ஆளும். தொல்காப்பியர் மரபியலில் இவ்வாறு ஒன்பது கூறுகிறார். இதில் நாமே செல்வந்தர் என்பது நம் எண்ணம்.

ஆயினும் இலத்தீன் விகுதி அளவைக் குறைப்பதோடு நெருக்கத்தையும் கூட்டும். கூடாரத் தொழில் செய்த தம்பதியருள் மனைவியைப் புனித பவுல் தம் மடல்களில் ‘பிரிஸ்கா’ என்கிறார். திருத்தூதர் பணிகளில் லூக்காவோ ‘பிரிஸ்கில்லா’ என்கிறார். ஒருவரே அவர், வீட்டார் செல்லமாக அழைக்கும் குரல் லூக்காவின் ஏட்டில் கேட்கிறது. (கணவர் ‘அக்கிலா’வின் ஈற்றிலும் லகரம் உண்டு, ஆனால் அது விகுதியன்று. அச்சொல்லுக்குக் கழுகு என்று பொருள்.)

‘பவுலுஸ்’ என்பதற்கோ விகுதியே வேண்டியதில்லை. சிறியவர் என்பதே அதன் பொருள். தாழ்மை கருதி அவர் அப்பெயரைச் சூடினார் எனச் சிலர் விளக்குவர். ஆனால் அது உரோமையரிடையே வழங்கிய குடும்பப் பெயர். சைப்பிரசின் ஆளுநர் செர்கியு பவுலுக்கும் அதே பெயர்தான். திருத்தூதருள் தாம் கடையர் என்று கொரிந்தியருக்கு எழுதியவருக்கு அது பொருந்திற்று என்பது வேறு.

நம் முன்னோர் அதைப் பொருளறிந்து பெயர்த்தனர்: சின்னப்பர்! சிறுமை முன்னே, தந்தைமை பின்னே. இலத்தீனில் இல்லாத அப்பரைத் தமிழ் உறவு சேர்த்தது. அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்று குடும்பத்தின் மூத்தோரைப்போல் அவர்களை அழைத்து வளர்ந்தது நம் திருச்சபை.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அவர் ‘பவுல்’. எல்லாச் சபையாரும் ஒரே பெயரால் வாசிப்பது நன்மையே, நாம் குறைகூறவில்லை. ஆனால் திருமுழுக்குப் பதிவேட்டில் பேரனுக்குப் ‘பால்’ என்று எழுதக் கேட்கும் இளம் பெற்றோர் பலருக்கு, பாட்டனாரின் ‘சின்னப்பன்’ என்னும் பெயரும் அதுவே என்பது தெரிவதில்லை. அருகில் நிற்கும் பாட்டியாரேனும் சொல்லலாம்.