பேத்தியின் ஹெட்பேண்டும் எட்டாம் வகுப்புப் பாடமும்

உவரியில் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாசலைக் கூட்டிக் கூட்டிக் கை ஓய்ந்துபோகிறது, மணல் மட்டும் ஓயவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் படித்த ஒரு பெண் தன் இரண்டு மாதக் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "டீச்சர், எப்படி இருக்கா என் மகள்?" என்று கேட்டிருந்தாள். பிள்ளை தங்கச் சிலை மாதிரி இருந்தாள். தலையில் அவள் முகத்தைவிடப் பெரிய ஒரு பூ வைத்த ஹெட்பேண்ட். "அழகு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று முழுக்க மனசு சரியில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் சொல்லாத கதை அது. இன்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் பேத்திக்கு ஞானஸ்நானம். அவளுக்கு அப்போது மூன்று மாதம். சித்திரை மாதம், நம்ம ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். வெள்ளைக் கவுன் எடுக்க நாகர்கோவில் போனபோது அதற்குப் பொருத்தமாக ஒரு ஹெட்பேண்டும் வாங்கினேன். நெட் துணியில் பெரிய பூ, நடுவில் ஒட்டிய முத்து, பின்பக்கம் அரை சென்டிமீட்டர் அகலத்தில் எலாஸ்டிக். பார்க்க அவ்வளவு அழகு.

காலையில் அதை மாட்டும்போதே என் மருமகள், "அத்தை, பிள்ளைக்கு உறுத்தும்னு நினைக்கேன். வேண்டாமே" என்றாள். "ஒரு மணி நேரந்தானே, போட்டோ முடியட்டும்" என்றேன். சொன்ன தொனி உங்களுக்குத் தெரியாததா? வகுப்பில் எத்தனை வருஷம் கேட்ட தொனி! அவள் அதற்கு மேல் பேசவில்லை.

கோயிலில் முடிந்ததும் கப்பல் மாதா கோயில் முன்னால் குடும்பப் படம் எடுத்தோம். பிறகு வீட்டில் விருந்து. ஒரு மணி நேரம் நாலு மணி நேரமானது. பிள்ளை விடாமல் அழுதாள். பசி என்றார்கள், பால் கொடுத்தாள். வாயு என்றார்கள், முதுகைத் தட்டினோம். "இத்தனை பேர் பார்த்திருக்காங்க, கண்ணூறு பட்டிருக்கு" என்று ஒரு பெரியம்மை மிளகாய் சுற்றிப் போட்டார்கள். தலையில் இருந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் குளிப்பாட்டக் கழற்றினால், நெற்றியிலிருந்து காதுக்குப் பின்னால் வரை ஒரு சிவந்த பள்ளம். கயிறு அறுத்த மாதிரி. அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக வேர்க்குரு. காதுக்குப் பின்னால் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் திசையன்விளையில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். "யார் இதைப் போட்டது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மருமகள், "நாங்கதான் டாக்டர்" என்றாள். அந்த "நாங்க" இன்னும் என் காதில் இருக்கிறது.

உராய்வும் வியர்வையும் சேர்ந்து வந்த புண், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பவுடர் போடாதீர்கள், அந்த இடத்தை ஈரமில்லாமல் காற்றோட்டமாக வையுங்கள் என்றார். தடவ ஒரு களிம்பு எழுதித் தந்தார். ஐந்து நாளில் ஆறிவிட்டது. பிள்ளையின் புண்தான் ஆறியது.

நான் உங்களுக்கு எட்டாம் வகுப்பில் நடத்திய பாடம் நினைவிருக்கிறதா? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. புத்தகத்தில் ஆணியும் கத்தியும் எடுத்துக்காட்டு. நான் உங்களுக்குச் சொன்னது சும்மாடு. மீன் கூடையைத் தலையில் சுமக்கும் நம்ம ஊர்ப் பெண்கள் பழைய துணியைச் சுருட்டி வட்டமாக வைப்பார்களே, ஏன் என்று கேட்பேன். "பாரம் பரவும் டீச்சர், தலை வலிக்காது" என்று கோரஸாகக் கத்துவீர்கள். கூடையின் எடை குறைவதில்லை, தாங்கும் பரப்பு கூடுகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது. இத்தனை வருஷம் இதை நடத்திவிட்டு, சொந்தப் பேத்தியின் தலையில் அரை சென்டிமீட்டர் எலாஸ்டிக்கை மாட்டியவள் நான்! அதே இழுவிசையில் இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பட்டை என்றால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான். பாடம் வாயில் இருந்தது, கைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு மருத்துவரிடமும், நர்ஸாக இருக்கும் என் மாணவிகளிடமும் கேட்டேன், கொஞ்சம் படித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிள்ளை பெற்றவர்களும் பேரப்பிள்ளைக்குப் பரிசு வாங்கப் போகிறவர்களும் படியுங்கள்.

முதலில் தோல். பச்சைப் பிள்ளையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. ஈரத்தைச் சீக்கிரம் இழக்கும், உராய்ந்தால் சீக்கிரம் புண்ணாகும். வியர்வை நாளங்கள் முழுதாக வளர்ந்திருக்காது. வியர்வை வெளியே வர வழியில்லாமல் அடைத்துக்கொள்வதுதான் வேர்க்குரு. நம்ம கடற்கரையில் காற்றே ஈரமாக இருக்கும், வியர்வை சட்டென்று காயாது. அதன்மேல் நைலான் நெட்டை இறுக்கிக் கட்டினால் பிள்ளை என்ன செய்யும்?

அடுத்தது தலை. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் தலைச்சுற்றளவு சுமார் 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கூடும். ஒரு வயதில் 45, 46 ஆகிவிடும். பிறந்தபோது சரியாக இருந்த பட்டை இரண்டே மாதத்தில் இறுகிவிடும் என்று அர்த்தம். முன் உச்சிக்குழி மூட ஒரு வயதுக்கு மேல், ஒன்றரை வயது வரைகூட ஆகும். அந்த இடத்தின் மேல் எதுவும் அழுத்தக் கூடாது. ஆகவே, "ஃப்ரீ சைஸ்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல், தையல் டேப்பால் பிள்ளையின் தலையை அளந்துகொண்டு போங்கள்.

துணி என்றால் பருத்திதான். திருப்பூர் பனியன் துணி மாதிரி மெல்லிசாக, தானாகவே நீளும் துணி நல்லது. லேபிளில் 95 பங்கு பருத்தி, 5 பங்கு ஸ்பான்டெக்ஸ் என்று போட்டிருப்பார்கள், அது போதும். அகலமாக இருக்கட்டும், ஆனால் ஒரே மடிப்பாக இருக்கட்டும். அகலமும் வேண்டும், காற்றும் போக வேண்டும். வெறும் எலாஸ்டிக் தோலில் படவே கூடாது. சில பிள்ளைகளுக்கு ரப்பரே ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு கிளிப்பில் இருக்கும் நிக்கல் அரிப்பைக் கொடுக்கும். தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று திருப்பிப் பாருங்கள். முடிச்சும் தையலும் உள்பக்கம் இருந்தால் அந்த இடம் உறுத்தும். வாங்கும் முன் உங்கள் முழங்கை உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே சொரசொரப்பாக இருந்தால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

ஒட்டிய முத்து, கல், ஜிகினா எதுவும் வேண்டாம். பிய்ந்து வந்தால் பிள்ளை வாய்க்குத்தான் போகும், தொண்டையில் அடைக்கும்.

சாயத்தையும் கவனியுங்கள். சில அசோ சாயங்கள் உடலுக்குக் கேடு என்று 1990களில் ஜெர்மனி தடை போட்டது. நம் நாட்டிலும் அதே காலத்தில் தடை வந்தது. கரூர், திருப்பூர் ஏற்றுமதிக்காரர்கள் சாயத்தையே மாற்ற வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகள் லேபிளில் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். அதில் முதல் வகுப்பு மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கானது. அந்த லேபிள் இல்லாவிட்டால் சாயம் போடாத வெள்ளையோ வெளிர் நிறமோ வாங்குங்கள். எதுவானாலும் புதிதை அப்படியே போடாதீர்கள். வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் அலசி, வெயிலில் காயப்போட்ட பிறகுதான் போட வேண்டும். கடைத் துணியில் இருக்கும் கஞ்சியும் ரசாயனமும் அப்போதுதான் குறையும்.

இனி, எவ்வளவு நேரம்? படம் எடுக்கும் நேரம் மட்டும். மாட்டியதும் உங்கள் இரண்டு விரல் உள்ளே தாராளமாகப் போக வேண்டும். கால் மணி நேரத்தில் ஒருமுறை கழற்றித் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் விழுந்திருந்தால் அதற்கு மேல் போடாதீர்கள். தூங்கும்போது கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். கார் சீட்டில், தொட்டிலில், தூளியில், எங்கே தூங்கினாலும் சரி. அது நழுவி மூக்கையும் வாயையும் மூடலாம், கழுத்துக்கும் இறங்கலாம். பிள்ளையால் எடுத்துவிட முடியாது. பச்சைப் பிள்ளையின் சூடு தலை வழியாக நிறைய வெளியேறும். அதனால்தான் வீட்டுக்குள் தூங்கும் பிள்ளைக்குத் தொப்பிகூட வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. தலையில் பொருக்கு, கரப்பான், வேர்க்குரு இருந்தால் ஆறும் வரை எதையுமே கட்ட வேண்டாம்.

இப்போது கதையின் மிச்சம். என்னிடம் படித்த ஒரு பெண் திசையன்விளையில் தையல் கடை வைத்திருக்கிறாள். கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டாதவள், என்னிடம் நிறையத் திட்டு வாங்கியவள். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு முன்னால் அவளிடம் போய், என் கணவருடைய பழைய எட்டு முழ வேட்டியைக் கொடுத்தேன். அவர் போன பிறகு பெட்டியிலேயே இருந்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. அவள் டேப்பை எடுத்துப் பேத்தியின் தலையை அளந்தாள். இரண்டு விரல் அகலத்தில் பட்டை, எலாஸ்டிக் பின்பக்கம் மட்டும், அதுவும் துணிக்குள் மூடி, தையலெல்லாம் வெளிப்பக்கம், மேலே அதே துணியில் தட்டையாக ஒரு சின்ன முடிச்சு. "அகலம் கூடினா அழுத்தம் குறையும்லா டீச்சர்?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பாடம் யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். மிச்ச வேட்டியில் பேத்திக்கு உடம்பு துடைக்கும் துண்டுகள் ஆயின.

மருத்துவரிடம் போய் வந்த அன்று இரவே மருமகளிடம் சொன்னேன், "தப்பு என் பேரில்தான் மக்கா. நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்." அவள், "விடுங்க அத்தை. நானே கழற்றியிருக்கலாம். உங்களுக்குப் பயந்துட்டு இருந்துட்டேன்" என்றாள். பிள்ளையின் தழும்பைவிட அது எனக்கு அதிகமாக வலித்தது. பெற்றவளே தன் பிள்ளையின் தலையிலிருந்து ஒன்றைக் கழற்றப் பயப்படும்படி நான் வீட்டில் நடந்திருக்கிறேன்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைக்கு ஆசையாக எதை வாங்கினாலும், பெற்றவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ராத்திரி முழித்துப் பார்ப்பவள் அவள். என் மாணவிகளுக்கும் ஒன்று. யார் வாங்கிக் கொடுத்ததானாலும், எத்தனை பேர் முன்னிலையில் என்றாலும், பிள்ளை அழுதால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். மாமியார் கோபம் ரெண்டு நாளில் போகும். மாமியார் டீச்சராக இருந்தால் நாலு நாள் ஆகலாம், அவ்வளவுதான்.

அந்த ஞானஸ்நானப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறோம், பேத்தி மட்டும் அழுகிறாள். எடுத்துவிடலாமா என்று மகன் கேட்டான். இருக்கட்டும் என்றேன்.

படம் அனுப்பிய என் செல்லமே, உன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. உன் மகள் அந்தப் பூ இல்லாமலேயே அழகு. தலையை அளந்து அனுப்பு. வெள்ளையில் ஒன்று தைத்து அனுப்பச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
உவரி